பழித்தலும் தூற்றுதலும்

இகழ்தல், பழித்தல், தூற்றுதல் என்பன ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றினும் வேறுபாடுடையன. ஒருவனை மதியாமை இகழ்தல். அவன் செயலிற் குற்றங்காணல் பழித்தல். காற்றிற் பதரைப் பறக்கவிடுதல்போல அக்குற்றத்தை ஊரெங்கும் பரப்புதல் தூற்றுதல். இவற்றினுங் கொடியது, ஓரினத்தாரையே தீயரெனச் சித்திரித்தல்.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டா. திருமலையாகிய வேங்கடம் பண்டைத் தமிழகத்தின் வட எல்லை. அதற்கப்பால் உள்ளது மொழி வேறுபட்ட நாடு என்ற சங்கப் புலவர், ஆங்கு வாழ்ந்த வடுகரைச் சினமிக்க நாய்களோடு திரியும் வன்கண்ணராகப் பாடினர். மொழி வேறாயின் குணமுந் தீதென எண்ணுதல் எளிதன்றோ! இன்றோ அம்மலையடியில் தமிழுந் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன.

குறளையையுங் கடுஞ்சொல்லையும் மணிமேகலை தீவினையென விலக்குகின்றது. ஆதலின், ஒருவன் செயலைப் பழிக்க நேரினும் அவன் இனத்தைத் தூற்றாதிருப்போமாக.