ஆட்டிசக் குழந்தைக்கு எந்த மையம், எந்தப் பள்ளி? திருவண்ணாமலைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. வந்த ஓரிரு சொல்லும் நின்றுவிட்டது. ‘இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்’ என்று வீட்டில் பெரியவர்கள் தேற்றுவார்கள். அந்த ஆறுதலை நம்பி ஒரு வருஷத்தைக் கடத்திவிடாதீர்கள். ஆட்டிசமா இல்லையா என்பது உறுதியாகும் முன்பே பயிற்சியைத் தொடங்கலாம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

எங்கே தொடங்குவது? அரசு மையம், தனியார் தெரபி, பக்கத்துப் பள்ளி, சிறப்புப் பள்ளி, வேலூர் அல்லது சென்னையின் பெரிய நிறுவனம் என்று ஐந்து வழிகள் கண்முன் நிற்கும். ‘எது பேர் போனது?’ என்று பார்ப்பதைவிட ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. குழந்தை வாரத்தில் ஏறத்தாழ 80 மணி நேரம் விழித்திருக்கிறது. வாரம் இரண்டு முறை, முக்கால் மணி வீதம் தெரபி என்றால் ஒன்றரை மணி. மிச்சமெல்லாம் வீட்டில், அங்கன்வாடியில், பள்ளியில் கழிகிறது. அந்த மிச்ச நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்குச் சொல்லித்தருகிற இடமே நல்ல இடம்.

இதற்கு ஆதாரமும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளியானது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்களே அதில் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். குழந்தையின் போக்குக்கு ஈடுகொடுத்துப் பெற்றோர் பழகுவது கூடியது. குழந்தை தானாக முன்வந்து பேச்சையோ சைகையையோ தொடங்குவதும் கூடியது. எல்லாமே கூடிவிடவில்லை, இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறையவே செய்தது. ஆனாலும் பெற்றோர் கையிலேயே பாதி வேலை இருக்கிறது என்பது தெளிவானது.

அரசு இடையீட்டு மையம்

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக்கொடுப்பார்கள். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர் ஆகியோரை ஒரே இடத்தில், காசில்லாமல் பார்க்க வைப்பதே இந்த மையங்களின் நோக்கம்.

பலம்: செலவில்லை, மருத்துவப் பரிசோதனையும் கூடவே முடியும். காது கேட்கிறதா என்ற சோதனையை முதலில் எடுத்துவிடுங்கள். பலவீனம்: மாவட்டம் முழுவதற்குமான மையம் என்பதால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடைவெளி விழும். வந்தவாசியிலிருந்தோ ஜமுனாமரத்தூரிலிருந்தோ வருபவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். பேச்சுப் பயிற்சியாளர் எந்த நாளில் இருப்பார் என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தனியார் தெரபி மையம்

நேரம் நமக்குத் தோதாகக் கிடைக்கும், அடிக்கடி போகலாம். கட்டணம்தான் கடிக்கும். இங்கே கவனிக்க வேண்டியது கதவு. குழந்தையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு, முக்கால் மணி கழித்து ‘இன்னைக்கு நல்லா கோஆபரேட் பண்ணான்’ என்று திருப்பித் தருகிற மையத்தில் உங்களுக்கு எதுவும் புரியப்போவதில்லை. பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

பக்கத்துப் பள்ளி

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியே பட்டியலிட்டிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து உதவுகிறார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளும் உண்டு. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பழகும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் 40 பேர் கூச்சலிடும் வகுப்பில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது சேர்க்கை மட்டுமே, படிப்பு அல்ல. டீச்சர் எப்படிப்பட்டவர் என்பதைக் கட்டடத்துக்கு முன்னால் பாருங்கள்.

சிறப்புப் பள்ளி

பத்து வயது தாண்டியும் கழிவறை, உடை, உணவு ஆகியவற்றில் முழு உதவி தேவைப்படும் பிள்ளைக்கும், தன்னையே அடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். அன்றாட வாழ்க்கைப் பயிற்சிக்கு இங்கே நேரம் இருக்கும். ஆட்டிசத்துக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறார்களா, எல்லோருக்கும் ஒரே பாடமா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் யோசியுங்கள்.

வேலூர், முட்டுக்காடு

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தின் குழந்தைகள் பிரிவில் தாயோ தகப்பனோ குழந்தையுடன் தங்கிப் பயிற்சி பெறும் முறை உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. முழு மதிப்பீட்டுக்கும் திட்டம் வகுப்பதற்கும் இவை சிறந்தவை. வாராவாரம் ஓடுவதற்கு அல்ல. பஸ்ஸில் நாலைந்து மணி நேரம் அலைந்த குழந்தை தெரபியில் அழத்தான் செய்யும். ஆரணி, போளூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கம் என்பதால் கணக்கு மாறலாம்.

வீட்டில் என்ன நடக்க வேண்டும்?

ஓர் உதாரணம். வாழைப்பழத்தைத் துண்டு போட்டு, இறுக மூடிய கண்ணாடி டப்பாவில் வையுங்கள். குழந்தைக்குப் பழம் தெரியும், ஆனால் டப்பாவைத் திறக்க முடியாது. உங்கள் கையை இழுத்து டப்பா மேல் வைப்பான். உடனே திறக்காதீர்கள், முகத்துக்கு நேரே உட்கார்ந்து பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பார்த்தானோ, ‘ப’ என்றானோ, பக்கத்தில் வைத்த பழத்தின் படத்தை எடுத்துக் கொடுத்தானோ, ‘பழம்’ என்று சொல்லி ஒரே ஒரு துண்டு கொடுங்கள். பழம் தீர்வதற்குள் பத்து முறை கேட்கும் பயிற்சி நடந்துவிடும். இப்படியான வேலையைச் சொல்லித்தருகிறார்களா என்பதுதான் எந்த மையத்துக்கும் சோதனை.

நம் ஊருக்கென்று ஒன்று: பௌர்ணமி அன்றும் தீபத் திருவிழாவின்போதும் கூட்டம், மைக் சத்தம், மாற்றிவிடப்பட்ட பஸ் எல்லாம் சேர்ந்து குழந்தையைக் கலங்கடிக்கும். அந்த நாட்களில் தெரபிக்கு நேரம் வாங்காதீர்கள்.

யாருக்கு எது?

மூன்று வயதுக்குள், கிராமத்தில் இருப்பவர்: அரசு மையம், அங்கன்வாடி, வீட்டுப் பயிற்சி. தனியாருக்குக் கடன் வாங்க வேண்டாம்.

நான்கு முதல் ஆறு வயது, டவுனில் இருப்பவர்: முடிந்தால் வாரம் இரண்டு முறை தெரபி, கூடவே எல்.கே.ஜி. அல்லது அங்கன்வாடி. தெரபிக்காகப் பள்ளியை நிறுத்த வேண்டாம்.

ஓரளவு பேசி, சொன்னதைச் செய்கிற பள்ளி வயதுப் பிள்ளை: பக்கத்துப் பள்ளியும் வட்டார வள மையமும்.

நிறைய உதவி தேவைப்படும் பெரிய பிள்ளை: சிறப்புப் பள்ளி, ஆண்டுக்கு ஒரு முறை வேலூரிலோ முட்டுக்காட்டிலோ மதிப்பீடு.

எல்லோருக்கும்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை தெரபிச் செலவையும் சேர்த்துக் கோரலாம்.

எதைத் தவிர்ப்பது?

‘ஆறு மாசத்தில் குணமாக்குகிறோம்’ என்பவரை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-இல் சொல்லிவிட்டது. வேண்டுதல் உங்கள் நம்பிக்கை. அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொள்ளுங்கள், பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே மூன்று இலக்குகளை எழுதி வாங்குங்கள்: கேட்டு வாங்குவது, பாத்ரூம் போவதைத் தெரிவிப்பது, ஐந்து நிமிஷம் உட்கார்வது என்பது போல. மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். ஒன்றுமே நகரவில்லை, ஏன் என்பதற்கும் பதில் இல்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். மாற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஃபைலை மட்டும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.