சுடுநீர்ச் சாதனத்தை மாற்றுமுன் தண்ணீரை அளப்போம்

வீட்டுக்கு வாங்கும் பெரிய பொருட்களுள் நாம் அதிகம் யோசிக்காமல் வாங்குவது சுடுநீர்ச் சாதனம்தான். பழையது ஒரு குளிர்காலக் காலையில் ஒழுகத் தொடங்கும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவேண்டும். வந்த பிளம்பர் கைவசம் உள்ளதைப் பூட்டிவிட்டு, சில ஆயிரம் டொலருக்குப் பில் எழுதுவார். அதன் பின்னும் சவரில் தண்ணீர் நூலாக வந்தால், "சாமான் சரியில்லை" என்கிறோம். பல வீடுகளில் குற்றம் சாமானில் இல்லை. சாதனம் தன்னிடம் வந்து சேரும் தண்ணீரைச் சூடாக்குமே தவிர, தண்ணீரைக் கூட்டித் தராது.

விக்ரோறியாவில் உள்ளோர் இதை இப்போதே கவனிப்பது நல்லது. அம்மாநில அரசு 2025இல் அறிவித்தபடி, ஆயுள் முடிந்த எரிவாயுச் சுடுநீர்ச் சாதனங்களுக்குப் பதிலாக, 2027 மார்ச் 1 முதல் மின்சாரச் சாதனங்களையே பூட்டவேண்டும்.

அமுக்கம் வேறு, ஓட்டம் வேறு

ஊரில் கிணற்றுத் தண்ணீரை மேல்தாங்கிக்கு ஏற்றி வைப்போம். தாங்கி எவ்வளவு உயரமோ, குழாயில் அவ்வளவு வேகம். ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 10 கிலோபஸ்கால் அமுக்கம் கிடைக்கும். ஆனால் தாங்கி உயரத்தில் இருந்தும் குழாய் ஒடுங்கியிருந்தால், வாளி நிறைய நேரம் எடுக்கும். முன்னையது அமுக்கம், பின்னையது ஓட்டம். இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும்.

ஓட்டத்தை அளத்தல்

10 லீற்றர் வாளி ஒன்றும் மணிக்கூடும் போதும். வேறு குழாய்கள், சலவை இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து வாளி நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பது வரும். 30 விநாடி என்றால் 20 லீற்றர். அளந்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம்.

மூன்று இடங்களில் அளந்து எழுதி வையுங்கள்: மீற்றருக்கு அருகிலுள்ள தோட்டக் குழாய், குளியலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாய், அதே அறையின் சுடுநீர்க் குழாய்.

1. மூன்றும் குறைவு என்றால், மீற்றரடி அடைப்புக் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் நீர் வழங்கும் நிறுவனத்திடம் கேட்கலாம். மெல்பேர்ணில் 20 மில்லிமீற்றர் இணைப்புக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர் குறைந்தபட்ச அளவு. சிட்னியில் 15 மீற்றர் உயரத்துக்கான அமுக்கம், அதாவது ஏறக்குறைய 150 கிலோபஸ்கால்.

2. தோட்டத்தில் நன்றாக வந்து உள்ளே இரண்டும் குறைந்தால், வீட்டுக் குழாய்களில் அடைப்பு இருக்கலாம். பழைய வீடுகளின் நாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறி ஒடுங்கிவிடும்.

3. சுடுநீர் மட்டும் குறைந்தால், சாதனத்தின் வால்வையும் வெப்பம் தணிக்கும் வால்வின் வடிகட்டியையும் பிளம்பரைக் கொண்டு பார்ப்பியுங்கள். புதுச் சாதனம் தேவைப்படாமலே போகலாம்.

அமுக்கத்தை அளத்தல்

தோட்டக் குழாயில் திருகும் அமுக்கமானி வன்பொருட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, பகலில் ஒரு தடவையும் தண்ணீர்ப் பாவனை குறைந்த பின்னிரவில் ஒரு தடவையும் பாருங்கள். வீட்டினுள் அமுக்கம் 500 கிலோபஸ்காலை மீறக்கூடாது என்பது இந்நாட்டு நியமம். மீறினால் அமுக்கம் குறைக்கும் வால்வு வேண்டும். இல்லாவிட்டால் புதுத் தாங்கியின் பாதுகாப்பு வால்வு ஓயாமல் சொட்டும்.

மெல்பேர்ணின் சில பழைய வீடுகளில் சுடுநீர்த் தாங்கி கூரைக்குள் இருக்கும். அது சவருக்கு 2 மீற்றர் மேலே இருந்தால், அமுக்கம் வெறும் 20 கிலோபஸ்கால்தான். அங்கே தெருக்குழாய் அமுக்கத்தில் இயங்கும் சாதனத்தைப் பூட்டினால், அத்தனை ஆண்டுகள் மெல்லிய அமுக்கத்துக்குப் பழகிய குழாய்கள் சுவருக்குள்ளேயே கசியக்கூடும். முதலில் குழாய்களைச் சோதிப்பியுங்கள்.

ஒரு கணக்கு

ஊரில் ஆடி மாதம் வெயில், இங்கே கடுங்குளிர். ஆடி அமாவாசைக் காலையில் இரண்டு சவர்கள் ஒரே நேரத்தில் ஓடுவதாக வைப்போம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 9 லீற்றர், மொத்தம் 18. குழாய்த் தண்ணீர் 10 பாகை, குளிப்பது 40 பாகை, சாதனம் தருவது 50 பாகை. தேவையான சுடுநீர் 18 × 30 ÷ 40 = 13.5 லீற்றர்.

தாங்கியில்லாத எரிவாயுச் சாதனத்தில் "20 லீற்றர்" என்று எழுதியிருப்பது வழக்கமாக 25 பாகை சூடேற்றுவதற்கான கணக்கு. நமக்கு வேண்டியது 40 பாகை. ஆகவே 20 × 25 ÷ 40 = 12.5 லீற்றர்தான் கிடைக்கும். ஒரு லீற்றர் பற்றாக்குறை. ஒரு படி பெரிய சாதனம் இதைத் தீர்க்கும். ஆனால் வீட்டுக்குள் வரும் மொத்தத் தண்ணீரே 14 லீற்றர் என்றால், எத்தனை பெரிய சாதனமும் 18 லீற்றர் தராது. அங்கே பணம் செலவிடவேண்டியது குழாய்க்கு.

தாங்கியுள்ள வெப்பப் பம்பிலும் வரும் ஓட்டமே எல்லை. அதோடு ஒரு காலையில் மொத்தம் எத்தனை லீற்றர் செலவாகிறது என்று கூட்டி, தாங்கியின் அளவைத் தெரிவு செய்யவேண்டும்.

கடைசியாக

அளப்பது நமது வேலை; பூட்டுவது உரிமம் பெற்ற பிளம்பரின் வேலை. தாங்கியில் கிருமி வளராதிருக்க 60 பாகை வேண்டும். குளியலறைக்கு 50 பாகைக்கு மேல் போகக்கூடாது. 60 பாகைத் தண்ணீர் குழந்தையின் தோலை ஓரிரு விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். எனவே வெப்பம் தணிக்கும் வால்வைச் செலவுக்கஞ்சி விடவேண்டாம்.

அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சாதனத்தின் அருகே ஒட்டி வையுங்கள். பழையது ஒழுகும் நாளில், விலை சொல்ல வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டி, "இந்த ஓட்டத்துக்கும் அமுக்கத்துக்கும் எது பொருந்தும்?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கியபின் பணத்தைக் கொடுங்கள்.