ராக் ரென் பார்க்கப் போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பாறை இடுக்குகளில் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ராக் ரென் என்ற சின்னஞ்சிறு பாடும் பறவையைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு.

மார்ச் முதல் மே வரை போங்கள். மும்முரமாகப் பாடும் காலம் அது. விடிந்த கையோடு ஹிடன் வேலி பாதைக்குப் போய்விட வேண்டும். 1 மைல் சுற்றுதான், நாற்புறமும் பாறைக் குவியல். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீராவது கொண்டுபோங்கள். பூங்காவுக்குள் பெரும்பாலான இடங்களில் கிடைக்காது.

உள்ளே நுழைந்ததும் ஓரிடத்தில் அசையாமல் நின்றுவிடுங்கள். சாம்பலும் பழுப்புமாகப் பாறை நிறத்திலேயே இருப்பதால் கண்ணால் துழாவிப் பயனில்லை; காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரே ஒலியைச் சிலமுறை திருப்பிச் சொல்லி, சற்று நிறுத்தி, வேறொன்றைத் தொடங்கும். ஓர் ஆண் பறவைக்கே நூற்றுக்கு மேற்பட்ட பாட்டு வகைகள் இருப்பதுண்டு. குரல் வரும் திசையில் பாறை முகடுகளைப் பைனாகுலரில் பாருங்கள். தோப்புக்கரணம் போடுவதுபோல உடலைத் தாழ்த்தி எழுப்பினால் அதுவேதான்.

கேன்யன் ரென்னோடு குழம்பிவிடாதீர்கள். அதற்குத் தொண்டை பளீர் வெள்ளை, வயிறு செம்பழுப்பு; பாட்டும் மேலிருந்து படிப்படியாகக் கீழிறங்கும்.

பறவையைக் கண்டதும் கிளம்பிவிடாமல், அது அடிக்கடி போய்வரும் இடுக்கின் வாசலைத் தூரத்திலிருந்தே கவனியுங்கள். தட்டையான கற்சில்லுகள் பரப்பியிருந்தால் உள்ளே கூடு இருக்கும். அலகால் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து போட்ட தளம் அது. பறவையின் எடையோ 20 கிராம்கூட வராது. சில கூடுகளிலோ நூற்றுக்கணக்கான கற்கள்! எனக்கு அந்த வாசலைப் பார்ப்பதுதான் பாட்டைவிடப் பெரிய சந்தோஷம்.

ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். இடுக்குக்குள் கைவிடவே கூடாது. கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கக்கூடும். செல்போனில் ராக் ரென்னின் பாட்டை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

அலகில் பூச்சியோடு வந்த பறவை கூட்டுக்குள் நுழையாமல் வெளியிலேயே தத்தித் தத்தித் திரிந்தால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே பின்வாங்கி, அது உள்ளே போகும்வரை விலகியே இருங்கள்.