பழுதைத் தேடுவோம்; பழியைத் தேடோம்

உடம்பு என்றிருந்தால் நோயும் இருக்கும். எந்திரம் என்றிருந்தால் பழுதும் இருக்கும். கணிப்பொறியும் இதற்கு விலக்கன்று. ஒருமுறை வந்து போகும் பழுது நம்மை அதிகம் வருத்துவதில்லை. சரியாகிவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் பழுதுதான் நம் பொறுமையைச் சோதிக்கிறது. அத்தகைய பழுது ஒன்றை எங்கள் கணிப்பொறி மன்றத்தினர் எவ்வாறு தேடிக் கண்டுபிடித்தோம் என்பதையும், அதற்கு முன் நாங்கள் செய்த பிழை ஒன்றையும் இங்கே எழுதுகிறோம். தோழியருக்கும், வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என நம்புகிறோம்.

நடந்தது

கணிப்பொறி அறையில் சன்னலோரம் உள்ள ஏழாம் எண் கணிப்பொறியில்தான் ஆண்டு மலருக்கான பக்கங்களைத் தயாரித்து வந்தோம். ஒருநாள் மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திரை திடீரென்று நீலமாகி ஒரு பிழைச் செய்தி தோன்றியது. கணிப்பொறி தானே அணைந்து மீண்டும் கிளம்பியது. சேமிக்காமல் வைத்திருந்த ஆறு பக்கங்கள் போயின. மறுநாளும் அவள் உட்கார்ந்தபோது அவ்வாறே நடந்தது.

"எதையோ தப்பாக அமுக்கியிருப்பாள்" என்றாள் ஒருத்தி. "அவள் கை பட்டாலே கெட்டுவிடும்" என்றாள் இன்னொருத்தி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் நாள் முதல் அவள் அந்த அறைக்கு வரவில்லை. அவள் வராமலிருந்தும் பழுது மட்டும் வந்தது.

மன்றத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு, "நீங்கள் பார்த்துச் சொன்னீர்களா, நினைத்துச் சொன்னீர்களா?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, "இனி ஒவ்வொரு முறையும் கண்டதை மட்டும் இதில் எழுதுங்கள்" என்றார்கள்.

நோட்டுப் புத்தகத்தின் பெருமை

கணிப்பொறிப் பழுதுக்கு ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி, என்று ஒரு பெயர் உண்டு. எந்திரக் கோளாறை இவ்வாறு அழைப்பது பழைய வழக்கம். 1878-ஆம் ஆண்டிலேயே தாமஸ் எடிசன் தம் கடிதம் ஒன்றில் இச்சொல்லை அப்பொருளில் எழுதியிருக்கிறார். ஆனால் 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பெருங் கணிப்பொறியை இயக்கியவர்கள் உண்மையாகவே ஒரு பூச்சியைக் கண்டார்கள். ரிலே ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கிக் கிடந்தது. அவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. குறிப்பேட்டில் நேரத்தையும், அது கிடந்த இடத்தையும் எழுதி, பூச்சியையும் அப்பக்கத்திலேயே ஒட்டி வைத்தார்கள். அங்கே பணியாற்றிய கணித மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இந்நிகழ்ச்சியைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அக்குறிப்பேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்ய நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. "நான் பாவி" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எது, எப்போது, எத்தனை முறை என்று பார்க்க வேண்டும். பழுது பார்ப்பதும் அப்படித்தான். "கணிப்பொறி சரியில்லை" என்பது போதாது.

மூன்று வாரங்களில் எங்கள் நோட்டில் ஒன்பது பதிவுகள் சேர்ந்தன. தேதி, நேரம், யார் இருந்தார்கள், எந்தக் கோப்பு திறந்திருந்தது, திரையில் என்ன செய்தி வந்தது என்பவற்றை எழுதினோம். படித்துப் பார்த்தபோது மூன்று செய்திகள் தெரிந்தன. ஒன்று, ஐந்து வெவ்வேறு மாணவியர் இருந்தபோது பழுது வந்திருந்தது. இரண்டு, பிழைச் செய்தி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இல்லை. மூன்று, ஒன்பதில் எட்டு முறை புகைப்படங்கள் நிறைந்த மலர்ப் பக்கங்கள் திறந்திருந்தன.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்

முதல் வேலையாகக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். பழுதான எந்திரத்தைத் திறக்கும் முன் செய்ய வேண்டிய முதற்கடமை இதுவே. எந்திரத்தை விலைக்கு வாங்கலாம். எழுதியதை வாங்க முடியாது.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று விதி வகுத்துக்கொண்டோம். நான்கு மருந்துகளை ஒன்றாக விழுங்கிக் காய்ச்சல் நின்றால், நிறுத்தியது எந்த மருந்து என்று யாருக்கும் தெரியாதல்லவா?

முதல் மாற்றம் மின்சாரம். பக்கத்துக் கணிப்பொறியின் வயரையும் யு.பி.எஸ். இணைப்பையும் ஏழாம் எண்ணுக்குக் கொடுத்தோம். பழுது தொடர்ந்தது. எனவே ப்ளக்கிலும் வயரிலும் குற்றமில்லை.

இரண்டாம் மாற்றம் தூசி. ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஆசிரியை முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும் என்பதால் பெட்டியின் உலோகத்தை முதலில் தொட்டுக்கொண்டோம். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் ஊதினோம். அப்பப்பா, எவ்வளவு தூசி! அதன்பின் மூன்று நாள் பழுது வரவில்லை. வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். நான்காம் நாள் மீண்டும் நீலத் திரை!

நோட்டைப் பார்த்தபோது உண்மை விளங்கியது. அம்மூன்று நாளும் தேர்வு நாட்கள். மலர்ப் பக்கங்களை யாரும் திறக்கவேயில்லை. பழுது குணமாகவில்லை, நாம் அதைத் தூண்டவில்லை, அவ்வளவுதான்.

மறதி கொண்ட மெமரி

இப்போது எங்கள் ஐயம் ரேம் எனப்படும் மெமரியின் மேல் விழுந்தது. கணிப்பொறி வேலை செய்யும்போது நிரலும் கோப்பும் இதில்தான் தங்குகின்றன. 4 ஜி.பி. மெமரி ஒன்றில் ஏறத்தாழ 3,436 கோடி நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசியும் தன்மையது. ஆகவே பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் எல்லா அறைகளையும் ஒருமுறை படித்து மீண்டும் நிரப்ப வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு இது.

இவற்றுள் ஓர் அறை கெட்டாலும் போதும். ஆங்கில எழுத்து 'ஏ' கணிப்பொறிக்குள் 65, அதாவது 01000001. இதில் ஒரு 0 தவறுதலாக 1 ஆகி 01000011 என்றால் அது 67; எழுத்து 'சி' ஆகிவிடும். எழுத்துக்குப் பதில் அங்கே ஒரு நிரலின் கட்டளை இருந்தால் கணிப்பொறியே நின்றுவிடும். கெட்ட அறையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பொருள் தங்குவதால் பிழைச் செய்தியும் மாறி மாறி வரும். சிறு வேலைகளுக்கு மெமரியில் கொஞ்ச இடமே போதும். பெரிய புகைப்படங்களைத் திறக்கும்போது அது நிரம்பிக் கெட்ட அறைவரை போய்விடும். நோட்டில் கண்ட புதிர்கள் இரண்டும் அவிழ்ந்தன.

ஆயினும் ஐயம் வேறு, சான்று வேறு. எங்கள் கணிப்பொறியில் 4 ஜி.பி. மெமரி அட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றுக்கு அ, ஆ என்று பெயரிட்டோம். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வோர் அட்டையையும் தனியாக ஒவ்வொரு செருகுமிடத்திலும் வைத்துச் சோதித்தோம். 'அ' அட்டை இரண்டு இடங்களிலும் பிழையின்றித் தேறியது. 'ஆ' அட்டை இரண்டு இடங்களிலும் பிழை காட்டியது. அட்டையோடு பழுதும் இடம் மாறியதால் குற்றம் அட்டையினுடையது. எந்த அட்டையை வைத்தாலும் ஒரே இடத்தில் மட்டும் பிழை வந்திருந்தால் மதர்போர்டைச் சந்தேகித்திருப்போம்.

'ஆ' அட்டையை எடுத்துவிட்டோம். கணிப்பொறி மெதுவாக ஓடியது. ஆனால் ஒருமுறையும் நிற்கவில்லை. மூன்று வாரம் மலர்ப் பக்கங்களை வேண்டுமென்றே திறந்து பார்த்தோம். நோட்டில் புதிய பதிவு இல்லை. பின்னர் அதே வகையில் புதிய அட்டை வாங்கி, அதையும் சோதித்த பின்பே பொருத்தினோம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எல்லாப் பழுதும் மெமரியால் வருவதில்லை. எவ்விதச் செய்தியும் இன்றிக் கணிப்பொறி பட்டென்று அணைந்தால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் வெப்பத்தையும் முதலில் கவனியுங்கள். பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடேறினால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஒவ்வொரு நாளும் கடிகாரம் பழைய தேதிக்கே போனால் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் வட்ட பேட்டரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஹார்டு டிஸ்க்கில் 'டக், டக்' என்ற ஒலி கேட்டால் வேறெதுவும் செய்யாமல் உடனே நகல் எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் பிரிக்கலாகாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள கபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதன்மேல் ஐயம் இருந்தால் முழுப் பெட்டியையும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் தெரிந்தவர் உதவியுடன்.

இன்னொரு பழுது

மெமரி அட்டையின் பழுது நீங்கியது. எங்கள் நாவின் பழுது மிச்சமிருந்தது. மதிய உணவு நேரத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. "அந்த நோட்டைக் காட்டுங்கள்" என்றாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒன்பது வரிகளில் ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. "இதை அம்மாவிடம் காட்டலாமா?" என்று கேட்டாள். அவள் வீட்டிலும் எங்கள் பேச்சு எட்டியிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று மாலையே நோட்டை அவளிடம் கொடுத்தனுப்பினோம்.

அன்புத் தோழியரே! ஒரு பொருள் பழுதானபோது அருகில் இருந்தவர் அதைப் பழுதாக்கியவர் ஆகிவிடமாட்டார். மெமரி அட்டை ஒன்றை எளிதில் மாற்றிவிடலாம். ஒருவர் மேல் வைத்த பழியை அவ்வாறு மாற்ற இயலாது. ஆகவே, முதலில் பார்ப்போம்; பார்த்ததை எழுதுவோம்; ஒவ்வொன்றாகச் சோதிப்போம்; அதன் பின்னரே வாய் திறப்போம். இறைவன் நமக்குக் கண்ணையும் கையையும் அறிவையும் தந்திருப்பது இதற்காகவே அன்றோ!