விருத்தாசலத்தில் திருவருகைக்காலம்: ஒரு பங்கு செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளையும் அவற்றை ஒட்டிய வார நாட்களையும் உள்ளடக்கியது திருவருகைக்காலம். லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைகளில் இதை அட்வெந்து என்பார்கள். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. ஆகவே தொடக்கம் நவம்பர் 27-க்கு முன்னும் போகாது, டிசம்பர் 3-ஐத் தாண்டவும் தாண்டாது. காலத்தின் நீளம் 22 நாளிலிருந்து 28 நாள் வரை மாறும். 2026-இல் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20 ஆகியவை நான்கு ஞாயிறுகள். மொத்தம் 26 நாட்கள்.

ஏற்பாடுகளைப் பின்னாலிருந்து எண்ணித் தொடங்குவதே சரி. விருத்தாசலம் போன்ற ஊரில் மூன்று விஷயங்கள் இந்தக் காலத்தோடு மோதும்: வடகிழக்குப் பருவமழை, பள்ளிகளின் அரையாண்டுத் தேர்வு, செராமிக் பட்டறைகளின் வேலைப் பளு. இந்த மூன்றையும் பார்க்காமல் நவம்பர் கடைசியில் பங்குப் பேரவையைக் கூட்டினால், நல்ல பாடகர் குழு இருந்தும் பாட ஆள் இராது. பணம் இருந்தும் குடிலுக்குப் பொம்மை கிடைக்காது.

ஆகஸ்டில்: பொம்மைகள்

குடில் பொம்மைகளைச் சென்னையிலிருந்து பிளாஸ்டிக்கில் வாங்கி வருவது இந்த ஊருக்கு அழகல்ல. இன்சுலேட்டரும் ஃபியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற செராமிக் தொழிற்பேட்டை ஊரிலேயே இருக்கிறது. மரியா, யோசேப்பு, பாலன், இடையர்கள், மூன்று ஞானிகள், ஆடு மாடு என ஒரு முழுத் தொகுதியை உள்ளூர்ப் பட்டறையில் ஒருமுறை செய்துகொண்டால் பல ஆண்டுகளுக்கு வரும்.

வேலை நடக்கும் விதம் தெரிந்திருந்தால் ஆர்டர் கொடுப்பது எளிது. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை அரைத்துத் தண்ணீரில் கலந்த கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, சுவரை ஒட்டி ஒரு படலம் இறுகும். நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டால் உள்ளே குடைவாக உருவம் நிற்கும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் தோன்றும் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். பிறகு காயவைத்து, சூளையில் ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசி மறுபடி சுடுவார்கள். ஆர்டர் கொடுப்பவர் மூன்றைக் கவனித்தால் போதும். காய்ந்து சுட்ட பிறகு உருவம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அளவைச் சொல்லும்போது சுட்ட பிறகு வேண்டிய உயரத்தைச் சொல்ல வேண்டும். அடிப்பக்கத்தில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை சூளையில் வெடிக்கக்கூடும். பாலன் உருவம் தனியாக இருக்க வேண்டும். தீவனத் தொட்டியோடு ஒட்டிச் செய்துவிட்டால், டிசம்பர் 24 இரவு வரை காலித் தொட்டியை வைக்கும் வழக்கத்துக்கு இடமில்லாமல் போகும்.

மழை தொடங்கிவிட்டால் அச்சும் காயாது, பொம்மையும் காயாது. நவராத்திரிக் கொலுவுக்கும் கார்த்திகை தீபத்துக்குமான வேலையும் அந்த மாதங்களில்தான் வரும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் பேசி, செப்டம்பர் முடிவதற்குள் கையில் வாங்கிவிடுவது பாதுகாப்பு.

வளையம்

நான்கு மெழுகுவர்த்தி கொண்ட வளையம் லுத்தரன் வழியாக வந்தது. யோகான் ஹின்றிக் விக்கெர்ன் என்ற போதகர் 1839-இல் ஹாம்பர்கில் தாம் நடத்திய ஏழைச் சிறுவர் இல்லத்தில், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை வர்த்தி நான்கு. வார நாட்களுக்குச் சிறிய சிவப்பு வர்த்திகள். இருபதாம் நூற்றாண்டில் இது கத்தோலிக்கக் கோவில்களிலும் பரவியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் பாண்டிச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டமும் ஒரே பகுதியில் இருப்பதால், இரு சபைகளும் வளையம் செய்யும் வேலையைச் சேர்ந்து செய்யலாம். தடையேதும் இல்லை.

அடித்தட்டுக்கு இரண்டடி விட்டத்தில், வர்த்தி நிற்க நான்கு குழிகளுடன் கிளேஸ் பூசிய பீங்கான் வளையம் உகந்தது. உருகி வழிந்த மெழுகு வெந்நீரில் கழன்றுவிடும்; மரப்பலகையில் அது நடக்காது. பச்சைக்கு ஊசியிலை மரம் தேடி அலைய வேண்டியதில்லை. கடலூர் மாவட்டக் கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் நிறைய உண்டு. சவுக்குக் கிளையின் மெல்லிய இழைகள் தூரத்திலிருந்து பார்க்க ஊசியிலை போலவே தெரியும். ஆனால் ஒரு வாரத்தில் காய்ந்து, சுடர் பட்டால் சட்டெனப் பற்றும். ஆகவே சனிக்கிழமைதோறும் கிளையை மாற்றுவது கட்டாயம். வர்த்தி இரண்டு அங்குலத் தடிமன் இருக்கட்டும். மெல்லிய வர்த்தி மின்விசிறிக் காற்றில் ஒருபக்கமாக உருகிச் சாய்ந்துவிடும். மூன்றாம் ஞாயிறு வருவதற்குள் முதல் வர்த்தி தீர்ந்தும் போகும். கத்தோலிக்க வழக்கப்படி மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. கடையில் நிறம் கிடைக்காவிட்டால் வெள்ளை வர்த்தியின் அடியில் அந்தந்த நிற ரிப்பனைச் சுற்றினால் போதும்.

ஞாயிறு ஞாயிறாக

பீடத் துணியும் குருவின் உடையும் ஊதா. மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு அணியலாம். ‘உன்னதங்களிலே’ கீதத்தை இக்காலத் திருப்பலிகளில் விட்டுவிடுவார்கள். டிசம்பர் 8 போன்ற பெருவிழாக்கள் இதற்கு விலக்கு. ‘அல்லேலூயா’ உண்டு. இந்த வேறுபாட்டைப் பாடகர் குழு தவறவிடுவது வழக்கம். நான்கு வாரத்துக்குமான பாடல் பட்டியலை முன்கூட்டியே எழுதி ஹார்மோனியத்தின் மேல் ஒட்டிவிடுவது இதற்கு மருந்து.

வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றில் வரும். 2026 நவம்பர் 29-இல் தொடங்குவது மாற்கு நற்செய்திக்குரிய இரண்டாம் ஆண்டு. எந்த ஆண்டானாலும் ஓட்டம் ஒன்றே. முதல் ஞாயிறு விழிப்பைப் பேசும். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருவார். நான்காவது கிறிஸ்து பிறப்பை நோக்கித் திரும்பும். மத்தேயு ஆண்டில் நான்காம் ஞாயிற்றின் நாயகர் யோசேப்பு. மரியா கருவுற்றிருப்பதை அறிந்து அவர் கலங்கும் பகுதி அன்று வாசிக்கப்படும்.

இங்கே விருத்தாசலம் பகுதிக்கு ஒரு தனிச் செல்வம் உண்டு. முகாசாபரூரை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவிலைக் கட்டியவர் வீரமாமுனிவர். அந்த முனிவர் பாடிய தேம்பாவணியின் தலைவனே யோசேப்புதான். காப்பியம் அவரை வளன் என்று அழைக்கிறது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட நூல் முழுவதையும் நான்கு வாரத்தில் படிப்பது ஆகாது. வளனின் ஐயம் எழுந்து தீர்வதைச் சொல்லும் ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’, பிறப்பைப் பாடும் ‘மகவருள் படலம்’ ஆகியவற்றிலிருந்து வாரத்துக்குப் பத்துப் பாடலாக, தமிழாசிரியர் ஒருவர் பொருள் சொல்ல, புதன்கிழமை மாலைகளில் வாசிக்கலாம். ஒரு சனிக்கிழமை கோணான்குப்பத்துக்கு நடைப்பயணமோ வண்டிப் பயணமோ போவதும் பொருந்தும். ஜனவரியில் அங்கே ஆண்டுத் திருவிழா நடக்கும்போது கூட்டம் நெரியும். டிசம்பரில் அமைதியாக உட்கார இடம் கிடைக்கும்.

வார நாட்களில் வரும் இரு திருநாள்களையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும்: டிசம்பர் 3 புனித சவேரியார்; டிசம்பர் 8 அமல உற்பவம். பிந்தையது புதுச்சேரியிலுள்ள உயர்மறைமாவட்டப் பேராலயத்தின் பாதுகாவலி திருநாளும்கூட.

அன்பியங்களும் பிடி அரிசியும்

திருவருகைக்காலம் கோவிலுக்குள்ளேயே முடிந்துவிட்டால் பாதி வேலைதான் ஆனது. பங்கை அன்பியங்கள் என்னும் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒரு வாரத்தைக் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் அவர்கள் வளையம் ஏற்றுவார்கள், வாசகம் வாசிப்பார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கப் போவார்கள், நற்கருணை தேவைப்படும் வீடுகளின் பட்டியலைப் பங்குத்தந்தையிடம் கொடுப்பார்கள்.

உதவிக்குப் பணம் தண்டுவதைவிடப் பிடி அரிசி நல்ல வழி. முதல் ஞாயிறன்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறிய பீங்கான் ஜாடி தரப்படும். உலை வைக்கும்போதெல்லாம் நாளுக்கு ஒரு பிடி அதில் போட வேண்டும். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். நான்காம் ஞாயிறுக்கு முன்புள்ள 21 நாளில் வீட்டுக்கு 1.05 கிலோ, அறுபது வீடு சேர்ந்தால் 63 கிலோ. நான்காம் ஞாயிறு காணிக்கையின்போது ஜாடிகளைப் பீடத்தருகே கொண்டுவந்து, வின்சென்ட் தே பவுல் சபையாரோ அதற்கு இணையான குழுவோ பையாகக் கட்டி, 22-ஆம் தேதிக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெறுபவர் பட்டியலில் கிறிஸ்தவரல்லாதாரும் இருக்கட்டும். கொடுப்பதைப் படமெடுத்து வாட்சப்பில் போடுவது வாங்குகிறவரைக் கூசவைக்கும். அதைத் தவிர்ப்பது நாகரிகம்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மூன்றாம் வாரம் ஏற்றது. பக்கத்துப் பங்குகளின் குருக்கள் இருவர் மூவர் வந்தால் ஒரே மாலையில் முடியும். 24-ஆம் தேதி இரவு வரிசையில் நிற்க வைத்தால் யாருக்கும் நிதானமிராது.

கேரல் பவனி

டிசம்பர் முதல் வாரத்திலேயே கிறிஸ்துமஸ் தாத்தாவோடு தெருவில் இறங்கிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது காத்திருப்பின் காலத்தை விழுங்கிவிடுகிறது. டிசம்பர் 17 முதல் 23 வரையிலான ஏழு நாட்கள், மெசியாவை ஏழு பெயர்களால் அழைக்கும் பழைய முன்மொழிகளுக்கு உரியவை. பவனியை இந்த வாரத்துக்கு ஒதுக்கினால் வழிபாடும் தெருவும் ஒத்துப்போகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரையாண்டுத் தேர்வு பொதுவாக 23-ஆம் தேதி வாக்கில்தான் முடியும். எனவே பள்ளிப் பிள்ளைகளின் ஒத்திகையை நவம்பரிலேயே முடித்துவிட்டு, பவனியில் பெரியவர்களும் கல்லூரி மாணவர்களும் முன்நிற்க வேண்டும். பிள்ளைகளை அவரவர் தெருவுக்கு வரும்போது மட்டும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொண்டால் பெற்றோர் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பகலிலும் மாலையிலும் பயன்படுத்தவும் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டும். மிருதங்கமோ தபேலாவோ ஒரு கஞ்சிராவோ இருந்தால் மைக்கே தேவையில்லை. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். விடியற்காலையில் எழுந்து கோலம் போடும் வீடுகள் சீக்கிரம் தூங்கும். ஒன்பதரைக்குக் கடைசி வீட்டை முடிப்பது நல்ல அக்கம்பக்கத்துக்கு வழி.

மழைக்கு மாற்றுத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள்தான் அவ்வாண்டின் திருவருகைக்கால முதல் ஞாயிறு. அப்படிப்பட்ட நாளில் வளையத்தை வீட்டில் ஒரு தட்டில் ஏற்றி, அன்றைய வாசகத்தைக் குடும்பமாகப் படிப்பதற்கு ஒரு பக்கத் தாள் முன்கூட்டியே எல்லா வீட்டுக்கும் போயிருக்க வேண்டும். பங்கு மண்டபம் தங்கும் இடமாக மாற நேர்ந்தால், அரிசி ஜாடிகளைத் திறக்க நான்காம் ஞாயிறு வரை காத்திருக்கத் தேவையில்லை.

குடிலும் பிறகும்

குடில் வேலையை டிசம்பர் 18-ஆம் தேதிக்குப் பின் தொடங்கினால் போதும். கூரைக்கு உலர்ந்த வைக்கோல் கிடைப்பது இந்த மாதத்தில் கடினம். அக்டோபரிலேயே ஒரு கட்டு வாங்கி உயரத்தில் போட்டு வைக்க வேண்டும். வைக்கோலுக்குள் சூடேறும் பல்புகள் கூடாது, எல்.இ.டி. சீரியல் செட் மட்டும். வெளியே தொங்கும் நட்சத்திரத்தின் ஹோல்டருக்குள் மழை நீர் இறங்காதபடி கவிழ்த்துக் கட்ட வேண்டும். மின் இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுவது உத்தமம். ஞானிகள் மூவரையும் முதல் நாளே தொட்டியருகே நிறுத்திவிடாமல் கோவிலின் மறுமூலையில் வைத்து, திருக்காட்சிப் பெருவிழா வரை மெல்ல நகர்த்திவந்தால் பிள்ளைகள் ஞாயிறுதோறும் வந்து பார்ப்பார்கள்.

கேக்குக்கான உலர் பழங்களை அக்டோபர் கடைசியில் ஊற வைக்க வேண்டும். முந்திரியும் அப்போதே வாங்கிவிடுவது சிக்கனம். முந்திரி ஆராய்ச்சி நிலையமே உள்ள ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

ஆண்டவரின் திருமுழுக்கு விழாவுக்குப் பின் குடிலைக் கலைக்கலாம். ஒவ்வொரு பொம்மையையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே வைத்து, பெட்டியின் மேல் எண்ணும் பெயரும் எழுத வேண்டும். உடைந்தவை எவை என்ற பட்டியலையும் வரவு செலவுக் கணக்கையும் ஜனவரிப் பேரவைக் கூட்டத்தில் வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக் குழுவுக்கு வேலை பாதி குறையும். 2027-இல் முதல் ஞாயிறு நவம்பர் 28. பட்டறையில் பேச வேண்டியது ஆகஸ்ட் முதல் வாரம்.