தொப்பிக்காரர்களும் மூவர்ணக் கைக்குட்டையும்

சிசிலி எழுத்தாளர் ஜொவான்னி வெர்காவின் ‘லிபெர்த்தா’ (விடுதலை) கதையை முதலில் டி. எச். லாரன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். சில பக்கங்களே உள்ள சின்னக் கதை. படித்து முடித்ததும் குறிப்பேட்டில் ‘சிசிலி விவசாயிகளின் வெறியாட்டம்’ என்று எழுதி வைத்தேன். அந்த வரி தப்பு என்று புரிய எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

கதையின் தொடக்கத்திலேயே தேவாலய மணிக்கூண்டிலிருந்து ஒரு மூவர்ணக் கைக்குட்டையை விரிக்கிறார்கள். ஏதோ அலங்காரம் என்று தாண்டிப் போயிருந்தேன். பச்சை, வெள்ளை, சிவப்பு: இத்தாலியை ஒன்றாக்கப் புறப்பட்டவர்களின் கொடி அது. 1860 மே மாதம் அவர்களின் படைத்தலைவர் கரிபால்டி சிசிலியின் மர்சாலாவில் வந்து இறங்கினார். ஜூன் 2-ம் தேதி, போரிட்டவர்களுக்குப் பொதுநிலத்தில் பங்கு உண்டு என்று ஆணை பிறப்பித்தார். கதைக்கு மூலமான சம்பவம் நடந்தது எட்னா மலையடிவாரத்தில் பிரோந்தே என்ற ஊரில். அங்கே நிலமில்லாதவர்கள் காத்திருந்து பார்த்தார்கள். ஆகஸ்டில் கோடாரியைத் தூக்கினார்கள். கலகத்தை அடக்கி ஐந்து பேரைச் சுட்டுக் கொல்லவைத்தவர் நினோ பிக்ஸியோ, கரிபால்டியின் சொந்தத் தளபதி. இது தெரிந்த பிறகு அந்தக் கைக்குட்டையைப் பார்க்கும்போதே மனசு கனத்துவிடுகிறது.

கும்பல் ‘தொப்பிகளை’ வெட்டச் சொல்லிக் கத்துவதையும் அப்படித்தான் விட்டுவிட்டேன். அந்த ஊரில் தொப்பி வைத்தவர் நிலக்காரர். குல்லாய் போட்டவர் கூலிக்காரர். ஆகவே இத்தாலியக் கதை படிக்க உட்காருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உடுப்பு, கருவி, கூலி, நிலம் என்று எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் கோடு போடுங்கள். வரலாற்றுப் புத்தகத்தை அதற்குப் பிறகு எடுங்கள். முதலிலேயே எடுத்தால் கதை வெறும் சாட்சியமாகச் சுருங்கிவிடும்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, கதையில் இல்லாத விஷயங்கள். வெர்கா ஊரின் பெயரைச் சொல்லவில்லை. பிக்ஸியோ வெறும் ‘தளபதி’யாக வருகிறார். சுடப்பட்டவர்களில் ஒருவரான வழக்கறிஞர் நிக்கோலோ லொம்பார்தோ கதையிலேயே கிடையாது. பிரோந்தேயின் நிலங்கள் 1799-ல் நேப்பிள்ஸ் மன்னர் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கொடுத்த சீமை என்பதும் வரவில்லை. நிஜத்தில் சுடப்பட்ட ஊர்ப் பைத்தியம் கதையில் குள்ளனாகிவிட்டான். இதை எடுத்துக்காட்டியவர் இன்னொரு சிசிலி எழுத்தாளர், லெயொனார்தோ ஷாஷா. அவர் கட்டுரையைப் படித்த பிறகுதான் குறிப்பேட்டில் இரண்டு பத்தி பிரித்தேன்: நடந்தது ஒரு பக்கம், எழுதியது ஒரு பக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் எழுத்தாளரின் மனசு தெரிகிறது.

அதோடு இரண்டு தேதிகளையும் பாருங்கள். சம்பவம் 1860, கதை 1882. பக்கத்துக் கத்தானியாவில் பிறந்த வெர்காவுக்குச் சம்பவத்தின்போது ஏறக்குறைய 20 வயது, நிலமுள்ள குடும்பம். எழுதும்போது புதிய இத்தாலிக்கும் 20 வயது கடந்துவிட்டது. அந்த நாட்டின் வீரநாயகர்களைக் குற்றஞ்சாட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கதையை எழுதாமல் விடவில்லை.

அவருடைய ‘ரோஸ்ஸோ மல்பேலோ’வையும் இப்படியே படிக்கலாம். மணல் சுரங்கத்தில் வேலை செய்யும் சிறுவனின் கதை, 1878-ல் வந்தது. அதற்கு முந்தின வருஷம்தான் சிசிலியைப் பற்றி பிராங்கெத்தி, சொன்னினோ என்ற இருவர் செய்த ஆய்வு, கந்தகச் சுரங்கச் சிறுவர்களைப் பற்றிய பகுதியோடு, வெளியாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

‘லிபெர்த்தா’வில் கொலைகள் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை வைக்க ஆளில்லை. ஊரே தேவாலயத்துக்கு முன்னால் கூடி, நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று பார்க்கிறது. அளக்க சர்வேயர் இல்லை, பத்திரம் எழுத நோட்டரி இல்லை. நோட்டரியை முந்தின நாள் அவர்களே கொன்றுவிட்டார்கள். ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபடி நிற்கிறார்கள். என் பழைய வரியை அடித்துவிட்டு, இந்தக் காட்சியின் பக்க எண்ணை மட்டும் அதற்கு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.