மலையேற்றக் குவளை: சுவர் முக்கியமா, மூடி முக்கியமா?



ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியாகப் போயிருக்கிறீர்களா? மூத்தவர்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள கடைகளில் தே தாரேக் ஆற்றுபவரைச் சற்று நின்று கவனியுங்கள். ஒரு குவளையை உயரத் தூக்கி, மற்றதைக் கீழே இறக்கி, தேநீரை நீளமாக இழுத்து ஊற்றுவார். நுரைக்காக மட்டுமல்ல. தேநீர் மெல்லிய தாரையாக மாறும்போது அதிகப் பரப்பு காற்றில் படுகிறது. அதில் கொஞ்சம் ஆவியாகிறது. சூடு, நாக்கு தாங்கும் அளவுக்கு இறங்குகிறது.

மலையேறுபவருக்கு இதற்கு நேர்மாறான கருவி வேண்டும். பினாங்கு கொடிமலை 800 மீட்டருக்கும் மேல் உயரம், நகரத்தைவிடக் குளிர்ச்சி. அங்கே ஃபிளாஸ்கிலிருந்து குவளையில் ஊற்றிய மைலோ, பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். இதற்காகவே எடை குறைந்த இரட்டைச் சுவர்க் குவளைகள் விற்கிறார்கள். சில விலை மலிவு, சில டைட்டானியத்தில் செய்து கண்ணைக் கட்டும் விலை. 'பல மணி நேரம் சூடு' என்று பெட்டியில் எழுதியிருக்கும். எவ்வளவு நீர், என்ன வெப்பநிலை, மூடியோடா இல்லாமலா என்று எழுதாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பில்லை. காசு கொடுக்கும் முன் நீங்களே சோதிக்கலாம்.

வெப்பம் எப்படி வெளியேறுகிறது? சுவர் வழியாகக் கடத்தல், வெளிக்காற்றின் சலனம், கதிர்வீச்சு ஆகிய மூன்றும் உங்களுக்குத் தெரிந்தவை. இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று கடத்தலைக் குறைக்கிறது. காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஜேம்ஸ் டூவர் 1892இல் அப்படித்தான் வெற்றிடக் குடுவையைச் செய்தார், தேநீருக்காக அல்ல, மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களைப் பாதுகாக்க. 1904இல் ஜெர்மனியில் அது தெர்மோஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நான்காவது வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ஆவியாதல். தே தாரேக் ஆற்றுபவர் நம்பியிருப்பது அதைத்தான். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு 4.2. அதாவது 1 கிராம் நீர் 1 டிகிரி ஆற 4.2 ஜூல் வெளியேற வேண்டும். ஆனால் 1 கிராம் நீர் ஆவியாகிப் போகும்போது ஏறக்குறைய 2260 ஜூலைக் கையோடு கொண்டுபோகிறது. உங்கள் மலாய்ப் பாடநூலில் இதுதான் 'ஹாபா பெண்டாம் தெந்து'.

இப்போது ஒரு கணக்கு. திறந்த குவளையில் 250 கிராம் வெந்நீர் இருக்கிறது. அரை மணி நேரத்தில் 4 கிராம் குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 4 × 2260 = 9040 ஜூல். 250 கிராம் நீர் 1 டிகிரி ஆற 1050 ஜூல். 9040-ஐ 1050-ஆல் வகுத்தால் 8.6. ஒரு தேக்கரண்டி நீர்கூட இல்லை, ஆனால் ஏறக்குறைய 9 டிகிரி போய்விட்டது! மொத்தம் 20 டிகிரி இறங்கியிருந்தால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஆவியாதலின் வேலை. சுவரை எவ்வளவு தடித்தாலும் இந்தப் பங்கைத் தடுக்க முடியாது. சில கிராம் எடையுள்ள மூடி தடுக்கும்.

ஆகவே சோதனையில் நான்கு ஓட்டங்கள் வேண்டும்: ஒற்றைச் சுவர் மூடியின்றி, ஒற்றைச் சுவர் மூடியுடன், இரட்டைச் சுவர் மூடியின்றி, இரட்டைச் சுவர் மூடியுடன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நீரின் அளவு, ஊற்றும்போதுள்ள வெப்பநிலை, மேசை, அறை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குவளையின் வாய் அகலமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். வாய் அகன்றால் ஆவியாதல் கூடும். 85 டிகிரி நீரை ஊற்றி, 5 நிமிடத்திற்கு ஒரு முறை, நீரைக் கலக்கிவிட்டு வெப்பநிலையைக் குறியுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால், தொடக்கத்திலும் முடிவிலும் எடை பாருங்கள். எடை குறைந்ததை வைத்து மேலே செய்த கணக்கை நீங்களே போடலாம். வெந்நீர் என்பதால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

மூடிய ஒற்றைச் சுவரா, திறந்த இரட்டைச் சுவரா, எது வெல்லும்? கருதுகோளை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். விடையை நான் சொல்லப்போவதில்லை. குவளைக்குக் குவளை அது மாறும்.

ஊற்றிய உடனேயே வெப்பநிலை இறங்குவதையும் கவனியுங்கள். அது குவளையே குடித்த வெப்பம். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் எவர்சில்வர் குவளை 85 டிகிரி நீரை ஏறக்குறைய 80-க்கு இறக்கிவிடும். 50 கிராம் குவளை என்றால் ஒன்றரை டிகிரிகூட இறங்காது. எடை குறைவு என்பது முதுகுக்கு மட்டுமல்ல, தேநீருக்கும் நல்லது.

கடைசியில், ஒவ்வொரு குவளையின் எடையையும் அட்டவணையில் சேருங்கள். இரட்டைச் சுவருக்காகக் கூடுதலாகச் சுமக்கும் கிராமுக்கு எத்தனை டிகிரி மிச்சமாகிறது? மூடிக்கு எத்தனை? ஒற்றைச் சுவர்க் குவளையைப் பழைய நுரைப்பாயில் வெட்டிய துண்டால் சுற்றி, ஐந்தாவது ஓட்டமாகவும் சோதிக்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான், செலவே இல்லை. ஆறாவதாக மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். மலையுச்சியில் காற்று அடிக்கும் அல்லவா.

இரட்டைச் சுவர்க் குவளையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. வெளிச்சுவர் சுடாது, உள்ளே இருப்பது எவ்வளவு சூடு என்று கை சொல்லாது, அதனால் முதல் வாய் மெதுவாக. இன்னொன்று, முகாமில் அதை அடுப்பில் வைத்து நீர் காய்ச்சவே கூடாது. சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடேறி விரிய இடமில்லாமல் குவளை உப்பும், வெடிக்கவும் கூடும். அடுப்பில் வைக்க ஒற்றைச் சுவர் உலோகக் குவளை மட்டுமே.